கணினி வழியாக கன்சோல்களுக்கு இன்டர்நெட்: கேள்வி – பதில்

கே: ரவுட்டர் வேறு அறையில் இருக்கிறது. கன்சோல்கள் உள்ள அறையில் வைஃபை திக்கித் திணறுகிறது. அங்கேயே இருக்கும் டெஸ்க்டாப்பில் ஆன்டெனா வைத்த அடாப்டர் போட்டிருப்பதால் அதற்கு மட்டும் நன்றாகக் கிடைக்கிறது. அதன் லேன் போர்ட் சும்மாதான் கிடக்கிறது. அதிலிருந்து பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இரண்டுக்கும் இணைப்பு கொடுக்க முடியுமா? இருப்பது ஒரே ஒரு போர்ட்.

ப: தாராளமாக முடியும், ஒரு போர்ட் போதும். ஐந்து போர்ட் உள்ள சாதாரண நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி ஒன்று வாங்குங்கள். கணினியிலிருந்து அதற்கு ஒரு கேபிள், அதிலிருந்து ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒரு கேபிள். அந்தப் பெட்டியில் செட்டிங்ஸ் எதுவும் கிடையாது, மின்சாரம் கொடுத்தால் சரி.

அப்புறம் விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் வழியாக நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தைத் திறந்தால் வைஃபை, ஈதர்நெட் என்று இரண்டு ஐகான் தெரியும். பலர் தடுமாறுவது இங்கேதான்: கன்சோல் ஈதர்நெட்டில் இருக்கிறதே என்று அதைப் பகிரப் பார்க்கிறார்கள். பகிர வேண்டியது இன்டர்நெட் எதன் வழியாக உள்ளே வருகிறதோ அதை, உங்களுக்கு வைஃபையை. அதன் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் டேபுக்குப் போய், முதல் டிக்கைப் போட்டு, கீழே கேட்டால் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். 1999-ல் விண்டோஸ் 98-ன் இரண்டாம் பதிப்போடு வந்த வசதி இது, இன்றும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

டிக் போட்டதும் கணினியின் லேன் போர்ட் 192.168.137.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு, கன்சோல்களுக்கு 192.168.137 என்று தொடங்கும் முகவரிகளைத் தானே கொடுக்கும். கன்சோலில் எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். ஐபி முகவரி கிடைக்கவில்லை என்று கன்சோல் சொன்னால், தனியாகப் போட்டிருக்கும் ஆன்டிவைரஸின் ஃபயர்வாலைச் சற்று நேரம் நிறுத்திப் பார்த்து, காரணம் அதுதானென்றால் அதில் இந்த இணைப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டு மறுபடி இயக்குங்கள்.

கே: இணைப்பு வந்துவிட்டது, டவுன்லோடும் வேகமாக ஓடுகிறது. ஆனால் பார்ட்டி சாட்டில் சில நண்பர்களின் குரல் கேட்பதில்லை, மேட்ச் கிடைக்க வெகுநேரம் ஆகிறது. பிளேஸ்டேஷன் நேட் டைப் 3 என்கிறது, எக்ஸ்பாக்ஸ் ஸ்ட்ரிக்ட் என்கிறது. இன்னும் வேகமான பிளானுக்கு மாறலாமா?

ப: மாறாதீர்கள், பணம்தான் போகும். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டைப் 3, ஸ்ட்ரிக்ட் இரண்டுமே வெளியிலிருந்து வரும் இணைப்பு தடுக்கப்படுகிறது என்பதைத்தான் சொல்கின்றன. உங்கள் வீட்டில் இப்போது இரண்டு ரவுட்டர்கள் இருக்கின்றன: ஒன்று நிஜ ரவுட்டர், இன்னொன்று உங்கள் கணினி. வெளியே தெரியும் ஒரே முகவரிக்குப் பின்னால் பல கருவிகளை வைத்து நடத்தும் வேலைக்குத்தான் நேட் என்று பெயர், அந்த வேலையை இரண்டுமே செய்கின்றன. வழக்கமாக கன்சோல், யூபிஎன்பி என்ற தானியங்கி வசதி மூலம், ரவுட்டரிடம் ஒரு போர்ட்டை (கேபிள் செருகும் துளையல்ல, டேட்டா வந்து போகும் எண்ணிட்ட வாசல்) திறந்துவிடு என்று கேட்கும், ரவுட்டரும் திறக்கும். இங்கே அந்தக் கோரிக்கை கணினியோடு நின்றுவிடுகிறது. கணினி தன் பக்கத்தைத் திறந்தாலும் அதற்கு மேலே இருக்கும் ரவுட்டருக்கு எதுவும் தெரியாது, நண்பரின் கன்சோல் நேரடியாக அனுப்பும் குரல் அந்த மூடிய வாசலில் நின்று திரும்பிப் போகிறது. டவுன்லோடு நீங்களே உள்ளிருந்து கேட்டு வாங்குவது என்பதால் அதற்குத் தடையில்லை.

கணினிக்கு இன்டர்நெட் கேபிளில் வந்து, கணினியில் இரண்டு லேன் போர்ட் இருந்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும். ஷேரிங்கை எடுத்துவிட்டு, இரண்டு ஐகானையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக்கில் பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ் கொடுத்தால், கன்சோல்கள் நேராக ரவுட்டரிடமே முகவரி வாங்கும், நேட் ஒன்றோடு முடிந்தது. வைஃபையை வைத்து பிரிட்ஜ் போட்டால் பெரும்பாலும் சொதப்பும், ஏனென்றால் ஒரு வைஃபை இணைப்பில் ஒரே ஒரு மேக் முகவரியைத்தான் (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) ரவுட்டர் பொதுவாக எதிர்பார்க்கும்.

ஆக உங்களுக்கு இருக்கும் வழி போர்ட் ஃபார்வர்டிங், அதாவது ஒரு போர்ட்டுக்கு வருவதைக் குறிப்பிட்ட கருவிக்குத் திருப்பிவிடுவது, அதுவும் இரண்டு இடத்திலும். முதலில் ரவுட்டரில் கணினிக்கு மாறாத ஐபி ஒதுக்கி, எக்ஸ்பாக்ஸுக்கான யூடிபி போர்ட் 3074, பிளேஸ்டேஷனுக்கான யூடிபி போர்ட்டுகள் 3478, 3479 ஆகியவற்றை கணினியின் முகவரிக்குத் திருப்புங்கள். பிறகு கன்சோல்களுக்குக் கையாலேயே முகவரி கொடுங்கள், உதாரணமாக ஒன்றுக்கு 192.168.137.50, மற்றதற்கு 192.168.137.51, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.137.1. டிஎன்எஸ்ஸுக்கும் அதே கேட்வே முகவரி போதும். கடைசியாக அதே ஷேரிங் டேபில் உள்ள செட்டிங்ஸ் பட்டனை அழுத்தி, அந்தந்த போர்ட்டை அந்தந்தக் கன்சோலின் முகவரிக்குச் சேருங்கள். எல்லா போர்ட்டையும் ஒரே கருவிக்குத் திறந்துவிடும் ரவுட்டரின் டிஎம்இசட்டில் கணினியை மொத்தமாகப் போட்டுவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் கோப்புகள் எல்லாம் இருக்கும் இயந்திரத்தை வெளியுலகத்துக்குத் திறந்து வைக்கும் அளவுக்கு எந்த விளையாட்டும் முக்கியமில்லை.

ரவுட்டரிலிருந்து அறைக்கு ஒரு நீளமான லேன் கேபிள் இழுக்க வழி இருந்தால், இவ்வளவும் தேவையில்லை. கேபிளை நேராக அந்த சுவிட்ச் பெட்டியில் செருகுங்கள், கணினியையும் கன்சோல் மாதிரியே அதில் போடுங்கள்.

கே: இரண்டு எக்ஸ்பாக்ஸ். ஒன்று ஓப்பன், மற்றது எப்போதும் ஸ்ட்ரிக்ட். ஏன்?

ப: இரண்டும் 3074-ஐயே கேட்கின்றன, முதலில் வந்தது வாங்கிக்கொண்டது. இரண்டாவதில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு பகுதியில் மாற்று போர்ட் தேர்வு என்று ஒன்று உண்டு. வேறு எண்ணைத் தேர்ந்தெடுத்து, போர்ட் ஃபார்வர்டிங் செய்திருந்தால் அங்கேயும் அந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

கே: கணினியை ரீஸ்டார்ட் செய்தால் ஷேரிங் வேலை செய்வதில்லை. டிக் மட்டும் அப்படியே இருக்கிறது.

ப: விண்டோஸ் 10-ல் பலருக்கு வந்த தொல்லை இது. டிக்கை எடுத்து ஓகே கொடுத்து, மறுபடி போட்டால் உயிர் வந்துவிடும். சர்வீசஸ் பட்டியலில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்க்க வேண்டும், அதை மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மட்டும் செய்யுங்கள். கணினி ஸ்லீப்புக்குப் போனாலும் கன்சோல்களின் இணைப்பு அறுந்துவிடும், பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நிறுத்தி வையுங்கள், திரை மட்டும் அணைந்தால் பரவாயில்லை.

கே: என்னிடம் இருப்பது லேன் போர்ட் இல்லாத லேப்டாப். நின்டெண்டோ ஸ்விட்ச் உட்பட மூன்று கன்சோல்களுக்கு ஹாட்ஸ்பாட் போடலாமா?

ப: போடலாம். விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் 8 கருவிகள் வரை சேரலாம். ஆனால் ஒரே வைஃபை சிப் ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும், பிங்கும் (டேட்டா போய்வர ஆகும் நேரம்) நிலையாக இருக்காது. ஆப்பிளின் மேக் கணினியில் வைஃபையில் வருவதை வைஃபையிலேயே பகிர வழக்கமான வழி இல்லை. ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கி முதல் பதிலில் சொன்ன மாதிரி செய்வது எவ்வளவோ மேல். நின்டெண்டோ ஸ்விட்ச் ஓலெட் மாடலின் டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) லேன் போர்ட் இருக்கிறது. பழைய டாக் என்றால் அதற்கும் ஒரு யூஎஸ்பி அடாப்டர் வேண்டும். நின்டெண்டோவின் சோதனையில் நேட் ஏ அல்லது பி வந்தால் நிம்மதியாக ஆடலாம்.

கே: நான் ஒன்றில் கேம் டவுன்லோடு போட்டால், இன்னொன்றில் ஆடும் தம்பி லேக் என்று கத்துகிறான்.

ப: அவன் கத்துவது நியாயம்தான். ஆன்லைன் ஆட்டத்துக்கு டேட்டா கொஞ்சம்தான் வேண்டும், ஆனால் அது உடனுக்குடன் போய்வர வேண்டும். உங்கள் டவுன்லோடு வரிசையை அடைத்துவிட்டால் அவனுடைய சின்னச் சின்ன பாக்கெட்டுகள் பின்னால் காத்துக்கிடக்கும். விண்டோஸ் ஷேரிங்கில் எதற்கு முன்னுரிமை என்று சொல்ல வழியே இல்லை. ரவுட்டரில் க்யூஓஎஸ் என்ற முன்னுரிமை வசதி இருந்தாலும் எல்லாக் கன்சோலும் அதன் கண்ணுக்கு ஒரே கணினியாகத்தான் தெரியும். அவன் ஆடி முடிக்கும் வரை டவுன்லோடை பாஸ் செய்து வையுங்கள், இரவு கன்சோலை ரெஸ்ட் மோடில் விட்டால் தானே இறக்கிக்கொள்ளும், கணினி மட்டும் விழித்திருக்க வேண்டும்.