படகுக் கண்காட்சிக்குப் போகுமுன்: வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் மேஃப்ளவர் பூங்காவில் 1969இல் தொடங்கிய பன்னாட்டுப் படகுக் கண்காட்சி செப்டம்பர் மாதத்தில் நடப்பதால், ஆகஸ்ட் பிறந்ததுமே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடுகிறது. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, பாய்மரப் படகுக்கான சாமான்களை அங்கே வாங்குவது பற்றியவை. ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் இரு நண்பர்களும் சேர்ந்து, ஹாம்பிள் ஆற்றில் நிற்கும் 26 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்றை இவ்வாண்டு வாங்கினோம். கயிறுகள் நைந்துவிட்டன, நங்கூரமும் சிறியதாகத் தெரிகிறது. கண்காட்சியில் எல்லாம் மலிவு என்கிறார்களே, பட்டியல் போட்டுக்கொண்டு போய் ஒரே நாளில் வாங்கிவிடலாமா? (ரெடிங் வாசகர்)

பதில்: பட்டியல் போடுங்கள், ஆனால் ஆஞ்சான், நங்கூரம், கப்பி என்று பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது. (பாயை மரத்தில் ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்கிறேன். கண்காட்சியில் ஹேலியார்ட் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இருந்தாலும் நம் கடலோடிகள் வைத்த சொல்லை நாமாவது புழங்குவோம்.) அளவுகளைத் தெரிந்துகொண்டு போகாததால் நான் பட்டது இது.

சில ஆண்டுகளுக்கு முன், கண்காட்சியின் கடைசி நாள் பிற்பகலில், ஒரு கடையில் கயிற்றுச் சுருள்களின் கடைசித் துண்டுகளைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் குவித்து வைத்திருந்தார்கள். வெள்ளையில் நீலப் புள்ளி போட்ட 10 மி.மீ. பாலியஸ்டர் பின்னல் கயிறு ஒன்று கையில் அகப்பட்டது. அதில் ஒட்டியிருந்த காகிதப் பட்டையில் மார்க்கர் பேனாவால் 25 மீட்டர் என்று எழுதியிருந்தது. விலை பாதிக்கும் கீழே. என் படகின் பெரிய பாய்க்கு 24 மீட்டர் போதும் என்ற நினைப்பில், பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் பழைய கயிற்றின் நுனியோடு புதியதை ஊசிநூலால் தைத்து, மரத்தின் உள்வழியாக மெல்ல இழுத்து ஏற்றி, மறுமுனையைப் பாயின் தலையில் மாட்டிவிட்டுத் திரும்பினால், கயிற்றின் வால், படகோட்டி உட்காரும் காக்பிட்டுக்கு எட்டாமல் அறையின் கூரை மேலேயே கிடக்கிறது. பாய் கீழே இருக்கும்போதுதான் ஆஞ்சானுக்கு முழு நீளமும் தேவைப்படும். மரத்தின் உச்சிக்கு ஏறி, இறங்கி, மேல்தளத்தைக் கடந்து உங்கள் கைக்கு வர வேண்டும் அல்லவா? உருவி எடுத்து அளந்தபோது 22 மீட்டரும் சில்லறையும்தான் இருந்தது. எழுதியவருக்குக் கை தவறியிருக்கலாம். இரு கைகளையும் விரித்துப் பாகம் பாகமாக அளந்து பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்தக் கயிற்றை இரண்டாக வெட்டி முன்பாயின் தாமான்களாக (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளாக) போட்டுக்கொண்டு, ஆஞ்சானை முழு விலைக்கு வேறிடத்தில் வாங்கினேன்.

ஆகவே போவதற்கு முந்தைய வார இறுதியில் மூவரும் படகுக்குச் சென்று அளவெடுங்கள். ஒவ்வொரு கயிற்றின் நீளத்தையும் தடிமனையும் எழுதிக்கொள்வதோடு, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளட்ச் எந்தத் தடிமனுக்கு ஆனது என்பதையும் பாருங்கள். 10 முதல் 12 மி.மீ. வரை கவ்வும் கிளட்சில் 8 மி.மீ. கயிற்றைப் போட்டால், கயிறு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் காற்று வலுக்கும்போது மெல்ல வழுக்கிப் பாய் இறங்கும். பழைய கயிற்றில் ஒரு சாண் துண்டை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், கடையில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எளிதாக இருக்கும்.

டைனீமா என்ற வலுவான செயற்கை இழையை உள்ளே கொண்ட கயிறுகளை அங்கே வெகுவாகப் புகழ்வார்கள். அந்த இழை அதிகம் நீளாது, நீரில் மிதக்கும், எஃகைவிட இலேசானது, எல்லாம் உண்மை. ஆனால் உங்கள் பாய்கள் சாதாரண டேக்ரான் துணியாக இருந்தால் துணியே கொஞ்சம் நீளும் என்பதால், கயிற்றில் அவ்வளவு செலவிட வேண்டியதில்லை. நல்ல பாலியஸ்டர் பின்னல் கயிறு போதும். நங்கூரக் கயிறு மட்டும் நைலானாக இருக்கட்டும். அது நீள்வதால்தான் அலையின் குலுக்கலைத் தாங்குகிறது.

நங்கூரத்தைப் பொறுத்தவரை எடையைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அது உங்கள் அணியத்து (படகின் முன்முனை) உருளையில் உட்காருமா என்பதை அவரால் சொல்ல முடியாது. உருளையின் அகலத்தை அளந்து, பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நங்கூரத்தின் வடிவத்தை அட்டையில் வெட்டி உருளையில் வைத்துப் பார்க்கலாம். இயந்திரத்தால் நங்கூரம் இழுக்கும் பெரிய படகுக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. ஒரே 10 மி.மீ. சங்கிலியிலேயே வளையத்தின் உள்நீளம் 28 மி.மீ. ஆனதும் உண்டு, 30 மி.மீ. ஆனதும் உண்டு, ஒன்றுக்கான பற்சக்கரத்தில் மற்றது ஓடாது. உங்கள் 26 அடிப் படகில் கையால்தான் இழுப்பீர்கள் என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

மலிவா என்று கேட்டீர்கள். சிலவற்றில் உண்மையாகவே மலிவு. புதிய நிறத்தில் உடைகளும் புதிய மாடலில் கருவிகளும் வருவதால் போன பருவத்துச் சரக்கைத் தள்ளிவிடுவார்கள். மழைக்கோட்டின் நிறம் பழசாகிவிட்டது என்று மழை கவலைப்படாது. மற்றபடி, கண்காட்சிச் சலுகை என்று சிவப்பு அட்டையில் எழுதியிருப்பதில் பாதி, தயாரிப்பாளரின் அச்சிட்ட விலையிலிருந்து கழித்த கணக்கு. அந்த விலைக்கு ஆண்டு முழுவதும் யாருமே விற்றிருக்க மாட்டார்கள். நீங்கள் வாங்க நினைக்கும் ஒவ்வொன்றுக்கும் இணையக் கடைகளில் அன்றைக்கு என்ன விலை என்பதை முந்தைய இரவே எழுதிக்கொள்ளுங்கள். கருவிகளின் விலையில் 20 விழுக்காடு வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். மின்னணுக் கருவிகள், எஞ்சின்கள் விற்கும் இடங்களில் வரி நீக்கிய விலையைப் பெரிய எழுத்தில் போடும் வழக்கம் உண்டு.

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் பன்னிரண்டு வயது மகளுக்கும் லைஃப் ஜாக்கெட் வாங்க வேண்டும். தானாக ஊதிக்கொள்ளும் வகையில் பல விலைகள் உள்ளன. எதைப் பார்த்து வாங்குவது? (ஹாரோ வாசகர்)

பதில்: கண்காட்சிக்கு நேரில் போக வேண்டிய காரணம் ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். கயிற்றை அளவு சொல்லி வீட்டிலிருந்தே வரவழைக்கலாம். லைஃப் ஜாக்கெட்டை உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கடலில் பாய்மரப் படகு ஓட்டும் பெரியவர்களுக்கு 150 நியூட்டன் மிதப்பு பொதுவான அளவு; அதாவது ஏறத்தாழ 15 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் வலு. கனத்த உடைகளோடு ஆழ்கடல் செல்பவர்களுக்கு 275 நியூட்டன் உண்டு. 50 நியூட்டன் மட்டும் உள்ளவை நீந்தத் தெரிந்தவர்கள் கரையோரத்தில் சிறு படகில் அணிபவை. மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பும் வலு அவற்றுக்கு இல்லை. விலை குறைவாக இருக்கிறதே என்று அவற்றை எடுத்துவிடாதீர்கள்.

தானாக ஊதுவதிலும் இரு வகை. ஒன்றில், நீர் பட்டதும் கரையும் சிறு வில்லை ஊசியை விடுவித்து வாயு உருளையைத் துளைக்கிறது. மற்றதில், சில அங்குல ஆழத்து நீரழுத்தம் அந்த வேலையைச் செய்கிறது. முதல் வகை மலிவானது. ஆனால் முன்தளத்தில் அலைநீர் நன்றாக அடித்தாலோ, ஈரத்தோடு அலமாரியில் அடைத்துவைத்தாலோ, வேண்டாத நேரத்தில் டுப்பென்று ஊதிவிடும். இரண்டாவது வகைக்கு விலை அதிகம், மாற்று உறுப்புகளும் விலை அதிகம். கோடையில் மாதம் இருமுறை போகிற குடும்பத்துக்கு முதல் வகையே போதும் என்பது என் எண்ணம்.

எந்த வகையானாலும், சலுகை விலையில் தரும் ஜாக்கெட்டின் உறையைப் பிரித்து உள்ளே பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஊதும் உறுப்பின் மேல் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். கிடங்கில் இரண்டு ஆண்டு கிடந்த சரக்கென்றால் அந்த உறுப்பை விரைவிலேயே மாற்ற நேரும், அதன் விலை கிடைத்த தள்ளுபடியை விழுங்கிவிடும். தொடை இடுக்கு வார் கூடவே வருகிறதா, தனியே வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். அந்த வார் இல்லாவிட்டால், நீரில் விழுந்தவரை விட்டு ஜாக்கெட் மட்டும் காதுவரை மேலே ஏறிவிடும். கடலில் அணியும் கனத்த மேலங்கியைக் கையோடு கொண்டுபோய் அதன் மேலேயே மாட்டி வாரை இறுக்கிப் பாருங்கள்; வாருக்கும் மார்புக்கும் இடையே ஒரு முஷ்டி நுழைய வேண்டும், அதற்குமேல் இடம் இருக்கக் கூடாது.

மகளையும் அழைத்துச் செல்லுங்கள். சிறுவர் ஜாக்கெட்டுகள் வயதுக் கணக்கில் வருவதில்லை, உடல் எடைக் கணக்கில் வருகின்றன. பன்னிரண்டு வயதில் சிலருக்கு அது பொருந்தும், சிலருக்குப் பெரியவர்களுடையதே பொருந்திவிடும். வாங்கிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை வாயால் ஊதி ஓர் இரவு அப்படியே விட்டுப் பாருங்கள். வாயு உருளையைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தால், அதன் மேல் பொறித்திருக்கும் எடையோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: நான் மகனின் வீட்டுக்கு வரும்போது கண்காட்சியைப் பார்க்க இருக்கிறேன். சென்னையில் நண்பர்களோடு பாய்மரப் படகு ஓட்டுகிறேன். கண்காட்சியில் வாங்குவதை விமானத்தில் கொண்டுவர முடியுமா? வாட் வரி திரும்பக் கிடைக்குமா? (சென்னை வாசகர்)

பதில்: வரி திரும்பக் கிடைக்காது. சுற்றுலாப் பயணிகள் கையோடு வாங்கிச் செல்லும் பொருளுக்கு வாட் வரியைத் திருப்பித் தரும் ஏற்பாட்டை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். கடையே நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பினால் வரி நீக்கித் தரலாம். அதற்குக் கடை ஒப்புக்கொள்ள வேண்டும், அஞ்சல் செலவும் இந்தியச் சுங்க வரியும் உங்களுடையவை.

கப்பி, கொக்கி, உடை, கயிறு ஆகியவற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாம். வாயு உருளை உள்ள லைஃப் ஜாக்கெட்டுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். பொருத்தியவை இரண்டு, உதிரி இரண்டு என்பது வழக்கமான வரம்பு. அனுமதியை எழுத்தில் வாங்கி, விமான நிலையத்தில் காட்ட அச்செடுத்து வையுங்கள். ஆபத்துக்குக் கொளுத்தும் ஒளிக்குச்சிகளை எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது; அவை வெடிபொருள்.

சட்டைப்பையில் அடங்கும் 406 மெகாஹெர்ட்ஸ் ஆபத்து அறிவிப்புக் கருவியான பி.எல்.பி.யை வாங்கும் எண்ணம் இருந்தால் சற்றுப் பொறுங்கள். ஒவ்வொரு கருவியிலும் ஒரு நாட்டின் குறியீடு பதிந்திருக்கும். கடல்சார் குறியீட்டில் பிரிட்டனுக்கு 232 முதல் 235 வரை, இந்தியாவுக்கு 419. பிரிட்டன் குறியீட்டோடு இருக்கும் கருவியைச் சென்னைக் கடலில் அழுத்தினால், செயற்கைக்கோள் வழியே இடம் தெரிந்துவிடும்; ஆனால் அது யாருடையது, யாரை அழைத்துக் கேட்பது என்ற விவரத்தை பிரிட்டன் பதிவேட்டில் தேட வேண்டியிருக்கும். இந்தியக் குறியீடு உள்ளவற்றின் பதிவு பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் மையத்தில் இருக்கிறது. குறியீட்டை மாற்றித் தர முடியுமா என்று கேட்டு, முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். அல்லது ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என் மகன் ஒருவர் மட்டும் ஓட்டும் ஐ.எல்.சி.ஏ. 6 வகைச் சிறு பாய்மரப் படகில் பந்தயங்களுக்குத் தயாராகிறான். கண்காட்சியில் பாதி விலைக்குப் புதிய பாய் கிடைக்கும் என்கிறார் ஒரு நண்பர். வாங்கலாமா? (பர்மிங்ஹாம் வாசகி)

பதில்: பாதி விலைப் பாய் பெரும்பாலும் போலச் செய்த பாயாக இருக்கும். அதில் குற்றம் ஏதுமில்லை, 5.76 சதுர மீட்டர் என்ற அதே அளவில், சில சமயம் இன்னும் நல்ல துணியில்கூடத் தைக்கிறார்கள். ஆனால் லேசர் என்ற பழைய பெயரில் நாம் அறிந்த இந்த வகையில், எல்லோருக்கும் ஒரே படகு, ஒரே பாய் என்பதுதான் பந்தயத்தின் அடிப்படை விதி. அங்கீகாரம் பெற்ற பாய் இல்லாமல் இந்த வகைப் படகுகளுக்கான பந்தயத்தில் இறங்க முடியாது. வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறவனுக்கு, பயிற்சிக்கு ஒரு போலிப் பாயும் பந்தயத்துக்கு மடிப்புக் கலையாத ஓர் அசல் பாயும் வாங்குவது நல்ல சிக்கனம். அசல் பாய் உழைத்து இளகிவிடாமல் இருக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அசலையே வாங்குங்கள், அம்மா.

கேள்வி: கண்காட்சியில் முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறினால் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? (கிராய்டன் வாசகர்)

பதில்: இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம். கண்காட்சிக் கடையைப் பொதுவாக வியாபாரியின் கடையாகவே கருதுவதால் அந்தச் சலுகை அங்கே கிடைப்பதில்லை. பொருளில் பழுது இருந்தால்தான் கேட்க முடியும். ரசீதின் பின்பக்கத்தில் அளவு மாற்றித் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் என்றால் முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருள் வருவதற்குள் கடையையே மூடிவிட்டாலும், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனத்திடம் முழுத் தொகையையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

கேள்வி: எந்த நாளில் போவது நல்லது? என்ன உடுத்திக்கொண்டு போவது? (லூட்டன் வாசகி)

பதில்: நிதானமாகப் பேசி வாங்க வேண்டுமென்றால் வார நாளின் காலை. மிஞ்சிய சரக்கைப் பேரம் பேச வேண்டுமென்றால் கடைசி நாள் பிற்பகல். ஆனால் உங்கள் அளவு மிஞ்சியிருக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். செப்டம்பரில் ஆற்றங்கரைக் காற்று குளிரும், மழையும் வரும். ஒரு மழைக்கோட்டு கட்டாயம். மிதவைப் பாதையில் கட்டியிருக்கும் படகுகளுக்குள் ஏற வேண்டுமானால் ஒவ்வொரு படகின் வாசலிலும் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். கோயிலுக்குப் போவது போல எளிதில் கழற்றி மாட்டும் காலணியும் கிழிசல் இல்லாத காலுறையும் போட்டுக்கொண்டு போங்கள்.