பேய் வராத பேய்க்கதை

கேள்வி: ஒன்பது வருஷமாகப் பேய்க்கதை எழுதுகிறேன். பகலில் வங்கி வேலை. என் சிறுகதை ஒன்றைப் படமாக்க ஒரு தயாரிப்பாளர் கேட்கிறார். அந்தக் கதையில் பேய் வரவே வராது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் போடாமலே தண்ணீர் மோட்டார் ஓடும், அவ்வளவுதான். அவர்களோ பேய்க்கு முகம் வேண்டும், ஃபிளாஷ்பேக் வேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா? இன்னொன்று, வாழ்நாள் முழுக்கப் பயத்தையே எழுதிக்கொண்டிருக்க முடியுமா? இப்போதே கைவசம் ஒன்றும் இல்லாததுபோல் இருக்கிறது.
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி எங்கள் தெருவில் யார் வீட்டிலோ மோட்டார் ஓடியது. மணி பன்னிரண்டரைதான். இருந்தாலும் எழுந்து போய் எங்கள் வீட்டு ஸ்விட்சைப் பார்த்துவிட்டு வந்துதான் படுத்தேன். கைவசம் ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை.

இரண்டு கேள்விக்கும் ஒரே ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். ரிச்சர்ட் மாத்தசன், அமெரிக்கர். 1926-ல் பிறந்தார், 2013-ல் இறந்தார். முதல் கதை 1950-ல் அச்சானது. அதிலிருந்து அறுபது வருஷம் நாவல், சிறுகதை, டிவி, சினிமா என்று எழுதித் தள்ளியவர். பாழடைந்த பங்களாவை அவர் அதிகம் நம்பியதில்லை. கையில் அகப்பட்டதை வைத்தே பயமுறுத்தினார்.

ஒரு நகைச்சுவைப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் ஒருவன் கோபத்தோடு வெளியே போகும்போது வேறொருவனின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்கிறான். தொப்பி காது வரை இறங்கிவிடுகிறது. சிரிக்க வேண்டிய இடம். இவருக்கோ, அவனுடைய சொந்தத் தொப்பியே ஒரு நாள் இப்படி இறங்கினால் என்ன ஆகும் என்று தோன்றியது. 1956-ல் வந்த 'தி ஷ்ரிங்கிங் மேன்' (சுருங்கும் மனிதன்) நாவல் அங்கே பிறந்ததுதான். எழுதியது ஒரு வாடகை வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து. அதனால் கதாநாயகனும் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் நிலவறையில்தான் மாட்டிக்கொள்கிறான், ஒரு சிலந்தியோடு.

1963 நவம்பர் 22. நண்பரோடு கோல்ஃப் ஆடப் போனவருக்கு, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட செய்தி வருகிறது. ஆட்டத்தை விட்டுவிட்டுக் காரில் திரும்புகிறார்கள். வழியில் ஒரு லாரி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து விரட்ட, சாலையை விட்டு இறங்கித்தான் தப்பித்தார்கள். உயிர் பிழைத்த கையோடு இவர் பார்த்த வேலை, அந்த யோசனையை ஒரு தபால் உறையின் முதுகில் குறித்துக்கொண்டது. அது கதையாக வெளிவரவும், 24 வயது ஸ்பீல்பெர்க் அதை 'டூயல்' என்ற டிவி படமாக எடுக்கவும் 1971 ஆகிவிட்டது. எட்டு வருஷம்! நீங்கள் எழுத ஆரம்பித்தே ஒன்பது வருஷம்தான் ஆகிறது. பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா?

உங்கள் தயாரிப்பாளருக்குக் காட்ட வேண்டிய படமும் இதுவே. லாரி ஓட்டுகிறவனின் முகத்தைக் கடைசிவரை காட்ட மாட்டார்கள். கை தெரியும், பூட்ஸ் தெரியும். ஏன் துரத்துகிறான் என்பதற்கு ஃபிளாஷ்பேக் கிடையாது. அதே மாத்தசன் தன் சிறுகதை ஒன்றை 'ட்விலைட் ஜோன்' என்ற டிவி தொடருக்கு எழுதிக் கொடுத்தார். பறக்கும் விமானத்தின் இறக்கையில் ஏதோ ஒன்று உட்கார்ந்து எஞ்சினைப் பிய்க்கும், ஒரே ஒரு பயணி கண்ணுக்கு மட்டும் அது படும். இன்றும் பேர் சொல்லும் எபிசோட் அது. ஆனால் அதில் ஜந்துவை நன்றாகவே காட்டிவிட்டார்கள். அந்த வேஷம் கரடி பொம்மை மாதிரி இருந்தது என்று அவருக்குக் குறை.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. என் கதை ஒன்று சீரியலாக வந்தது. செத்துப்போன பாட்டி மாடிப்படி ஏறும் சத்தம் மட்டும் கேட்கும், அதுதான் கதை. ஏழாவது வாரம் பாட்டி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கே வந்து மருமகளோடு சண்டை போட ஆரம்பித்தாள். பணம் ஒழுங்காக வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். என் வீட்டில்கூட யாரும் பயப்படவில்லை.

சரி, கொடுக்கலாமா? கொடுங்கள், ஆனால் பேனாவையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நிலவறை நாவலைச் சினிமாவுக்கு விற்றபோது, திரைக்கதையை நானே எழுதுவேன் என்று மாத்தசன் நிபந்தனை போட்டார். அவர் சினிமாவுக்குள் போனதே அப்படித்தான். நினைத்தது எப்போதும் நடக்கவில்லை. 1954-ல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலுக்கு அவர் எழுதிய திரைக்கதையை முதலில் பிரிட்டிஷ் தணிக்கைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கைமாறி, வேறு ஆட்கள் திருத்தி, 1964-ல் ஒருவழியாகப் படம் வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. டைட்டிலில் தன் பெயரைப் போடாமல் 'லோகன் ஸ்வான்சன்' என்ற புனைபெயரைப் போடச் சொல்லிவிட்டார். நீங்களும் இப்போதே ஒரு புனைபெயரை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படாமல் போகட்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். எவ்வளவு காலத்துக்கு உரிமை, எந்தெந்த மொழிக்கு, ராயல்டி என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் கொள்ளப்படும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் எதுவும் செய்யாவிட்டால் உரிமை உங்களுக்கே திரும்பிவிடும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை. அந்த 'வேறு மாதிரி' பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அப்புறம், கதையைப் புத்தகமாகப் போடும் உரிமையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். படம் எப்படி வந்தாலும் மோட்டார் ஒரு இடத்திலாவது பேய் இல்லாமல் ஓடட்டும்.

வாழ்நாள் முழுக்கப் பயத்தை எழுத வேண்டும் என்று யார் கட்டாயப்படுத்தினார்கள்? மாத்தசன் தான் சிப்பாயாகப் போன யுத்தத்தைப் பற்றி நாவல் எழுதினார், கௌபாய் கதை எழுதினார், காலம் கடந்து போய்க் காதலிக்கும் ஒருவனைப் பற்றி எழுதி அதற்குத் திரைக்கதையும் எழுதினார். 'ஹாரர்' என்ற முத்திரையே அவருக்குப் பிடிக்காது. ரத்தத்தைக் காட்டிக் குமட்ட வைப்பது வேறு, திகில் வேறு என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

உங்கள் கதை வந்த இதழின் பிரதி இருந்தால் ஒன்று அனுப்பிவையுங்கள். பகலில் படித்துக்கொள்கிறேன்.