வண்டியை எங்கே நிறுத்துவது, பஸ்ஸை எப்படிக் கேட்பது?

செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த போக்குவரத்துக் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: தினமும் காரைக்குடிக்கு வேலைக்குப் போகிறேன். காலை எட்டரைக்கு மேல் போனால் டூவீலர் ஸ்டாண்டில் இடமே இருப்பதில்லை. இன்னும் பெரிய ஸ்டாண்டாகக் கட்டினால் தீர்ந்துவிடாதா?
— வாசகர், சாக்கோட்டை ஒன்றியம்

பதில்: கொஞ்ச நாளைக்குத் தீரும். பிறகு அதுவும் நிரம்பிவிடும்.

முதலில் இடக் கணக்கைப் பார்ப்போம். ஒரு டூவீலருக்கு 1 மீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் வேண்டும். எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவே வண்டியைத் தள்ளி எடுக்க 2 மீட்டர் பாதை என்றால் மொத்தம் 6 மீட்டர். 40 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலமுள்ள இடத்தில் இப்படி நான்கு வரிசை வரும். வாசல், டோக்கன் மேசை போக 140, 150 வண்டிகள் நிற்கலாம். அதே இடத்தைக் காருக்குக் கொடுத்தால், திரும்பும் இடமும் சேர்த்து ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் வீதம் 20 கார்தான் நிற்கும். அதனால் காரை அங்கே விடாமல் வேறு இடத்துக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை குறையும்.

பல ஸ்டாண்டுகளில் நடுப்பாதையிலும் வண்டியை அடைத்துவிடுகிறார்கள். காலையில் இருபது வண்டி கூடுதலாகக் கொள்ளும் என்பது உண்மைதான். சாயங்காலம் உள்வரிசைக்காரர் வண்டியை எடுக்க முன்னால் நிற்கிற ஐந்தாறு வண்டியை இழுத்துப் போடுவார். கண்ணாடி உடைவதும் இண்டிகேட்டர் முறிவதும் அப்போதுதான். நடுப்பாதையில் மஞ்சள் கோடு போட்டு, அதைக் காலியாக வைக்கச் சொல்லி ஸ்டாண்டை நடத்த விடும் ஏலத்தின் நிபந்தனையிலேயே எழுதவைக்க வேண்டும்.

ஆனால் எங்களைக் கேட்டால், ஸ்டாண்டை நிரப்புவது பெரும்பாலும் காலை பஸ் இல்லாத குறை அல்ல. ராத்திரி திரும்பிப்போக பஸ் இல்லாத குறை. ஊருக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கே போய்விடும் என்றால், ஒன்பது மணிக்குக் கடை அடைக்கிறவர் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். காலை பஸ் காலியாக ஓடுவதற்கும் அதுவே காரணம். கூட்டம் இல்லை என்று அடுத்து அந்த நடையையும் குறைப்பார்கள்.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. ஸ்டாண்டை ஏலம் எடுத்தவரிடம் சொல்லிவிட்டு, ஒரு வேலை நாளில் காலை 6 முதல் 9.30 வரை வண்டி விடுகிறவர்களிடம் எந்த ஊர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே திசையில் எட்டு மணிக்கு மேல் திரும்புகிறவர்கள் நாற்பது பேர் இருந்தாலே ஒரு பஸ் நிறையும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு நடை கேளுங்கள். விடியற்காலையில் புறப்பட்டு இரவில் வந்துசேரும் சென்னை பல்லவன் எக்ஸ்பிரஸில் போகிறவர்களுக்கு எந்த டவுன் பஸ்ஸும் ஒத்துவராது. ரயிலடி ஸ்டாண்டில் முதல் இடம் அவர்களுக்குத்தான் கிடைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊருக்கு 3 கி.மீ. முன்னாலேயே டவுன் பஸ் திரும்பிவிடுகிறது. மனு மேல் மனு கொடுத்தும் ஊருக்குள் வரவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, கல்லல் அருகே

பதில்: “எங்கள் ஊருக்கு பஸ் விட வேண்டும்” என்று பொதுவாக எழுதுகிற மனுவை எந்தப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளராலும் எளிதில் நிறைவேற்ற முடியாது. ஏன் என்று பாருங்கள். ஒரு பஸ் போக 45, வர 45, இரண்டு முனையிலும் ஐந்தைந்து நிமிடம் என்று 100 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு 14 மணி நேரம், அதாவது 840 நிமிடம் ஓடினால் 8 சுற்று வரும், 40 நிமிடம் மிஞ்சும். உங்கள் ஊருக்கு நீட்டினால் போகவர 6 கி.மீ.க்கு 20 நிமிடம் கூடி, சுற்றுக்கு 120 நிமிடம் ஆகிவிடும். அப்போது 7 சுற்றுதான். தடத்திலுள்ள மற்ற ஊர்களுக்கெல்லாம் ஒரு நடை போய்விடும், அவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அதனால் மூன்று நடை மட்டும் கேளுங்கள்: பள்ளிக்கூடம், கல்லூரிக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரவுக் கடைசி நடை. கூடுதலாக ஆகும் 60 நிமிடத்தில் 40 ஏற்கெனவே மிச்சம் இருக்கிறது. இன்னும் 20 நிமிடத்தை மதிய நடையில் சரிக்கட்டிக்கொள்ளலாம். மனுவில் தடம் எண், எந்த நேரத்து நடை, எந்த இடம் வரை என்று மூன்றையும் எழுதுங்கள்.

மனுவுக்கு முன் ரோட்டைத் தயார்செய்யுங்கள். முழு நீள பஸ் பின்னால் எடுக்காமல் திரும்ப ஏறக்குறைய 25 மீட்டர் குறுக்களவுள்ள வெட்டவெளி வேண்டும். ஊருணிக் கரையிலோ கோயில் பொட்டலிலோ அவ்வளவு இடம் பெரும்பாலும் இருக்கும். ஆனால் ஊராட்சி அதைத் தீர்மானமாக எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் திருவிழாப் பந்தலும் நெல் உலர்த்துவதும் வந்து பஸ் பழையபடி விலக்கிலேயே திரும்பிவிடும். 3.75 மீட்டர் ரோட்டில் எதிரே லாரி வந்தால் ஒதுங்க ஓரம் கெட்டியாக இருக்க வேண்டும். செம்மண் ஓரம் மழையில் இறங்கிவிட்டால் அடுத்த நாளே நடை நின்றுபோகும். தாழ்ந்த மின்கம்பி, சாய்ந்த கருவேலங்கிளை இரண்டையும் படம் எடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கிராமசபைத் தீர்மான நகலோடு, உங்கள் தடத்தை இயக்கும் பணிமனையின் கிளை மேலாளருக்கும் காரைக்குடி மண்டலப் பொது மேலாளருக்கும் மனு கொடுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் ஒரு நகல் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இருக்கிற நடையே அடிக்கடி வராமல் போகிறதா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அந்தத் தடத்தில் கடந்த ஆறு மாதத்தில் ரத்தான நடைகளைத் தேதிவாரியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேள்வி: மினி பஸ் கேட்டால் சீக்கிரம் வருமா?
— வாசகர், சிங்கம்புணரி

பதில்: பெரிய பஸ் திரும்ப இடமில்லாத ஊர்களுக்கு அதுதான் வழி. புதிய விரிவான மினி பஸ் திட்டத்தில் ஒரு தடம் அதிகபட்சம் 25 கி.மீ. இருக்கலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும். தனியார்தான் இயக்குவார்கள். எனவே தடத்தின் ஒரு முனை சந்தையிலோ ஆஸ்பத்திரியிலோ முடிந்தால்தான் யாராவது பெர்மிட் கேட்டு வருவார்கள்.

கேள்வி: டவுன் பஸ்ஸில் எங்களுக்கு இலவசம்தானே, டிக்கெட் எதற்கு?
— வாசகி, புதுவயல்

பதில்: அவசியம் வாங்குங்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நடத்துநர் தரும் கட்டணமில்லாச் சீட்டை வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தருகிறது. சீட்டு கிழிக்காவிட்டால் அந்த நடையில் நீங்கள் ஏறியதற்குக் கணக்கே இல்லை. நடையைக் குறைக்கப் பேச்சு வரும்போது அந்த எண்ணிக்கைதான் உங்களுக்காகப் பேசும்.

கேள்வி: ஸ்டாண்டில் விட்ட பைக் காணவில்லை. டோக்கனில் “நிர்வாகம் பொறுப்பல்ல” என்று அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கைவிரிக்கிறார்கள்.
— வாசகர், தேவகோட்டை

பதில்: அந்த வரி எல்லாவற்றையும் முடித்துவைத்துவிடாது. காசு வாங்கி, டோக்கன் கொடுத்து, டோக்கனைக் காட்டினால்தான் வண்டியை வெளியே விடுவோம் என்று நடத்துகிற இடத்துக்குக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு என்று வாதாடலாம். ஓட்டல் ஆளிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன வழக்கில், “உரிமையாளர் பொறுப்பு” என்று அச்சிட்ட சீட்டைக் காட்டி ஓட்டல் தன் அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் விஷயத்தில் சாவி உங்களிடமே இருந்ததால், எதிர்த் தரப்பு அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதில் வாசலிலேயே இருக்கிறது: டோக்கன் பார்க்காமல் யார் வண்டியை விட்டது?

டோக்கனை அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுங்கள், கட்டணப் பலகையையும் எடுங்கள். அன்றே போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீது வாங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடும், அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி ஸ்டாண்டுக்கு உடனே பதிவுத் தபால் அனுப்புங்கள். ரயில்வே ஸ்டாண்ட் என்றால் ரயில்வே உதவி எண் 139-லும் புகார் பதியலாம். இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு.