காபிக்கு யார் பணம் கொடுத்தது? கலிபோர்னியா அன்பளிப்பு விதிகள்: கேள்வி பதில்

கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் சேர்த்து 120 உறுப்பினர்கள். அவர்களுக்கு லாபியிஸ்டுகளும் (சட்டமுடிவுகளைத் தங்கள் தரப்புக்குச் சாதகமாக்கக் கூலிக்குப் பேசுபவர்கள்) நிறுவனங்களும் சங்கங்களும் என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. தொகைகள் 2025, 2026 ஆண்டுகளுக்கு உரியவை.

கேள்வி: ஒரு இடத்தில் மாதம் 10 டாலர் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் வருடம் 630 டாலர் என்கிறார்கள். எதுதான் சரி?

பதில்: இரண்டும் சரி. கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து வரம்பு மாறுகிறது. பதிவு செய்த லாபியிஸ்டோ லாபி நிறுவனமோ கொடுத்தால், ஒருவருக்கு ஒரு காலண்டர் மாதத்தில் மொத்தம் 10 டாலரைத் தாண்டக் கூடாது. இது மாநில அரசுச் சட்டத் தொகுப்பின் 86203ஆம் பிரிவு. வேறு யார் கொடுத்தாலும் 89503ஆம் பிரிவின்படி வருடத்துக்கு 630 டாலர்.

பலரும் இடறுவது அந்த 'வேறு யார்' என்பதில்தான். லாபியிஸ்டைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் எண்ணெய் கம்பெனியோ மருத்துவமனைச் சங்கமோ ஆசிரியர் சங்கமோ லாபியிஸ்ட் அல்ல; சட்டம் அவர்களை லாபியிஸ்டின் முதலாளி என்கிறது. அவர்களுக்கு 630 டாலர் வரம்புதான். ஒரே மேசை, ஒரே சாப்பாடு, எதிரே உட்கார்ந்திருப்பவரும் அதே ஆள். பில்லை லாபியிஸ்ட் தன் கார்டில் கட்டினால் குற்றம், கம்பெனி கார்டில் கம்பெனியே கட்டினால் பதிவு செய்ய வேண்டிய செலவு. கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

மாதக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். மார்ச் 4 அன்று ஒரு காபியும் மஃபினும், 7.25 டாலர். மார்ச் 27 அன்று இன்னொரு காபி, 4.50. மொத்தம் 11.75. இரண்டாவது காபியில் வரம்பு மீறியாகிவிட்டது. அதே காபியை ஏப்ரல் 1 அன்று வாங்கிக் கொடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். தெரிந்தே வாங்கிக்கொண்ட உறுப்பினரும் 86204ஆம் பிரிவில் மாட்டுவார்.

கேள்வி: நான் ஒரு தொழில் சங்கத்தில் முழுநேர லாபியிஸ்ட். சங்கம்தான் விருந்து கொடுக்கிறது, செலவும் சங்கத்தின் கணக்கில். உறுப்பினர்களுக்கு அழைப்பை மட்டும் நான் மின்னஞ்சலில் அனுப்பலாமா?

பதில்: அனுப்பக் கூடாது. 10 டாலருக்கு மேலான அன்பளிப்பைக் கொடுப்பது மட்டும் தடை அல்ல. இன்னொருவர் கொடுப்பதற்கு இடையில் நிற்பதும் ஏற்பாடு செய்வதும் தடைதான். அழைப்பு விடுப்பது, வருகிறாரா என்று உறுப்பினரிடம் கேட்பது, வருகையை உறுதி செய்ய வேண்டியவர் என்று அழைப்பில் உங்கள் பெயரும் எண்ணும் இருப்பது, பொருளைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது, கொடுப்பவர் அங்கே இல்லாதபோது அவர் சார்பில் விருந்தோம்புவது, இவை எல்லாமே ஏற்பாடு செய்ததாகக் கொள்ளப்படும். உறுப்பினர் தன் பங்குக்கு எழுதிய செக்கை வாங்கிச் சங்கத்தில் சேர்ப்பதுகூடக் கூடாது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துப் பலர் தவறுவது இந்தக் கடைசி விஷயத்தில்.

நீங்கள் விருந்தில் கலந்துகொள்ளலாம், பேசலாம். அழைப்பு மட்டும் லாபியிஸ்டாகப் பதிவு செய்யாத ஓர் ஊழியரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலிலிருந்து போக வேண்டும். பதிலும் அவருக்கே வர வேண்டும். அனுப்புநர் இடத்தில் அவர் பெயர் இருக்க, கடைசியில் 'விவரங்களுக்கு' என்று உங்கள் கைபேசி எண்ணைப் போட்டுவிட்டால் எல்லாம் வீண். மறக்கக் கூடாத இன்னொன்று: அரசு அதிகாரி இதில் கலந்துகொள்வது பதிவு செய்ய வேண்டிய அன்பளிப்பை ஏற்றதாகும் என்ற வாசகம் எழுத்துவழி அழைப்பில் இருந்தாக வேண்டும். குறைந்தது 8 புள்ளி அளவில், தடித்த எழுத்தில், பின்னணியில் மறையாத நிறத்தில்.

கேள்வி: எங்கள் கம்பெனி 40 பேருக்கு விருந்து வைத்தது. பில் 4,800 டாலர். உறுப்பினர் மனைவியுடன் வந்தார், உறுப்பினர் ஒரு சாலட் மட்டும்தான் சாப்பிட்டார். சாலட் விலையைப் போட்டால் போதுமா?

பதில்: போதாது. அழைப்பின் பேரில் நடக்கும் விருந்தில் அவரவர் தட்டைப் பார்ப்பதில்லை, மொத்தச் செலவைத் தலைக்குப் பிரிப்பார்கள். 4,800ஐ 40ஆல் வகுத்தால் 120. மனைவியின் பங்கும் உறுப்பினர் கணக்கில்தான் வரும், ஆக 240 டாலர். இந்த வருடத்தில் உங்கள் கம்பெனியிடமிருந்து அவர் வாங்கக்கூடியது இனி 390 டாலர்.

தலைகாட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உட்கார்ந்து சாப்பிடாமல், நிகழ்ச்சியைப் பார்க்காமல் கிளம்பினால் அவர் எடுத்துக்கொண்டதற்கு மட்டுமே மதிப்பு. எனவே வாசலில் வருகைப் பட்டியல் வைத்திருப்பவர், யார் உட்கார்ந்தார், யார் நின்றபடியே போனார் என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

இந்தச் செலவை உங்கள் கம்பெனி காலாண்டு அறிக்கையில் உறுப்பினர் பெயர், தேதி, தொகையுடன் காட்ட வேண்டும். காலாண்டு முடிந்த 30 நாளுக்குள் அந்தத் தேதியையும் தொகையையும் உறுப்பினருக்கும் தெரிவிக்க வேண்டும். அவர் தன் பக்கம், பதவியில் இருப்பவர்கள் தங்கள் வருமானத்தையும் அன்பளிப்புகளையும் அறிவிக்கும் ஃபார்ம் 700இல் எழுதுவார். ஒரே ஆளிடமிருந்து வருடத்தில் மொத்தம் 50 டாலர் எட்டினால் எழுதியாக வேண்டும். இரண்டு தாள்களும் பொதுமக்கள் பார்வைக்கு வருபவை. நீங்கள் 240 என்று எழுதி, அவர் 120 என்று எழுதினால் நிருபர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

கேள்வி: தீபாவளிக்கு ஒரு லாபியிஸ்ட் 45 டாலர் ஸ்வீட் பாக்ஸ் அனுப்பியிருந்தார். எங்கள் உறுப்பினர் அதைத் தொடாமல் ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டார். தப்பித்தோம்தானே?

பதில்: இல்லை. இன்னொருவருக்கு எடுத்துக் கொடுப்பதே அந்தப் பொருளை ஏற்று, அதன்மீது உரிமை செலுத்தியதாகும். பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பலாம். வரிவிலக்கு கேட்காமல் அறக்கட்டளைக்கோ அரசுத் துறைக்கோ கொடுத்துவிடலாம். அல்லது மதிப்பு வரம்புக்குள் வரும் அளவுக்குப் பணத்தைக் கட்டிவிடலாம். இங்கே 35 டாலர். பெட்டியைப் பிரித்துச் சாப்பிட்டாகிவிட்டதால் உங்களுக்கு மிச்சமிருப்பது பணம் கட்டும் வழி ஒன்றுதான். செக்காகக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். 31ஆம் நாள் கொடுத்தால் கொடுத்ததற்கு அர்த்தமில்லை.

அலுவலகத்துக்கு வரும் எந்தப் பொட்டலத்தின் மீதும் வந்த தேதியை அன்றைக்கே எழுதி ஒட்டுவது நல்ல பழக்கம். டிசம்பரில் வருவது எல்லாம் ஒரு மூலையில் குவிந்து, ஜனவரி பாதியில்தான் யாராவது பிரித்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு மாநில உறுப்பினரைக் கூப்பிடுகிறோம். பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து, கூடவே 200 டாலர் கவரும் தரலாமா? எங்களுக்கு லாபியிஸ்ட் யாரும் கிடையாது.

பதில்: கவர் மட்டும் வேண்டாம். பேசியதற்குப் பணம் தருவது மதிப்பூதியம்; அது தொகை எவ்வளவானாலும் தடை. பொன்னாடை அன்பளிப்புக் கணக்கில் வரும், ஆனால் 50 டாலருக்குக் கீழ் என்றால் அவர் எழுதக்கூட வேண்டியதில்லை, வேறு எதுவும் அந்த வருடம் நீங்கள் தராதவரை. அவர் பெயர் பொறித்த கேடயம் 250 டாலருக்குள் இருந்தால் அன்பளிப்பே அல்ல. மேடையில் உரையாற்றுகிறார் என்றால் அன்றைய நுழைவும் சாப்பாடும் கணக்கில் சேராது. பொங்கலும் வடையும் தாராளமாகப் பரிமாறுங்கள்.

கேடயத்துக்குப் பதிலாக வெள்ளிக் குத்துவிளக்கு, தங்கக் காசு என்று போனால் அந்த விலக்கு பொருந்துமென்று நம்ப வேண்டாம். அப்போது முழு மதிப்பும் 630இல் கழியும்.

கேள்வி: அதென்ன பத்து டாலர்? யார் வைத்த கணக்கு?

பதில்: 1974 ஜூனில் வாக்காளர்கள் 70 சதவீத அளவில் ஆதரித்து நிறைவேற்றிய 9ஆம் முன்மொழிவு, அதாவது அரசியல் சீர்திருத்தச் சட்டம். ஜனாதிபதி நிக்சனைச் சிக்கவைத்த வாட்டர்கேட் ஊழலின் சூடு ஆறாத நேரம். அப்போது மாநிலச் செயலராக இருந்து, அதே வருடம் கவர்னர் தேர்தலில் வென்ற ஜெர்ரி பிரவுன் அதற்காகப் பிரசாரம் செய்தார். இரண்டு ஹாம்பர்கரும் ஒரு கோக்கும் வாங்கலாம், அவ்வளவுதான் என்பது அந்தத் தொகைக்கு அவர் சொன்ன விளக்கம். இந்தச் சட்டத்தைக் கவனிக்க உருவானதுதான் எஃப்.பி.பி.சி. ஆணையம்.

அந்த 10 டாலர் இன்றுவரை ஏறவில்லை. 1974இன் 10 டாலர் இன்றைய மதிப்பில் 60 டாலருக்கு மேல். அதாவது விலைவாசியே வருடா வருடம் விதியை இறுக்கிக்கொண்டிருக்கிறது. வருட வரம்பின் கதை வேறு. மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் எஃப்.பி.ஐ. நடத்திய ரகசிய விசாரணைகளின் பின்னணியில் 1990இல் 112ஆம் முன்மொழிவு வந்தது. மதிப்பூதியத் தடையும் 250 டாலர் வரம்பும் அதையொட்டி வந்தவை. இந்த வரம்பு ஒற்றைப்படை ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டின்படி திருத்தப்படும். 2023இல் 590 ஆனது, 2025இல் 630.

கேள்வி: விமானத்தில் எகானமி டிக்கெட் எடுத்தவரை ஏர்லைன்ஸே பிசினஸ் கிளாஸுக்கு மாற்றினால்?

பதில்: இதில் விளையாடவே கூடாது. மாநில அரசியல் சாசனத்தின் 12ஆம் பகுதி, 7ஆம் பிரிவு, போக்குவரத்து நிறுவனம் பதவியில் இருப்பவருக்கு இலவசப் பாஸோ சலுகையோ தரக் கூடாது என்கிறது. வாங்கினால் அபராதம் அல்ல, பதவியே போய்விடும். ரயில் கம்பெனிகள் மாநில அரசியலை ஆட்டிவைத்த 19ஆம் நூற்றாண்டின் மிச்சம் இது. எல்லாப் பயணிகளுக்கும் ஒரே விதிப்படி கிடைக்கும் மைலேஜ் அப்கிரேடு பரவாயில்லை. உறுப்பினர் என்பதற்காகக் கிடைத்தால் பழைய இருக்கையிலேயே உட்காருவது நல்லது.

கேள்வி: நான் உறுப்பினர் அலுவலகத்தில் கொள்கை ஆலோசகர். இதெல்லாம் எனக்கும் உண்டா?

பதில்: 10 டாலர் விதி உண்டு. முழுக்க எழுத்தர் வேலையோ உடலுழைப்போ செய்பவர்களுக்கு மட்டும்தான் விலக்கு.

கேள்வி: 630க்குள் இருந்தால் எதற்காகக் கொடுத்தாலும் கேள்வி கிடையாதா?

பதில்: வாக்குக்குப் பதிலாகக் கொடுத்தால் அது லஞ்சம், அதற்குக் குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. தண்டனைச் சட்டத்தின் 86ஆம் பிரிவில் 2, 3 அல்லது 4 வருடச் சிறை. அன்பளிப்பு விதிகள் கைமாறு எதுவும் பேசப்படாத சந்தர்ப்பங்களுக்கானவை. அவற்றை மீறினால் எஃப்.பி.பி.சி. மீறல் ஒன்றுக்கு 5,000 டாலர் வரை அபராதம் போடலாம். வேண்டுமென்றே மீறினால் கிரிமினல் வழக்கும் வரும்.

கேள்வி: காபிக்கு இவ்வளவு கெடுபிடி, தேர்தல் நிதி மட்டும் ஆயிரக்கணக்கில் போகிறதே. இது கேலிக்கூத்து இல்லையா?

பதில்: பாதி நியாயமான கோபம். தேர்தல் நிதி அன்பளிப்பு அல்ல, அதற்குத் தனி விதி. ஒரு கம்பெனி சட்டமன்ற வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,900 டாலர் வரை தரலாம். முதற்கட்டத் தேர்தலான பிரைமரி ஒன்று, பொதுத் தேர்தல் ஒன்று என்று தனித்தனியாக. ஆனால் சட்டமன்றத்தில் லாபி செய்யப் பதிவு செய்த லாபியிஸ்ட் அந்த வேட்பாளர்களுக்கு ஒரு டாலர்கூடத் தர முடியாது. 2000ஆம் ஆண்டின் 34ஆம் முன்மொழிவு அந்தக் கதவை அடைத்தது.

இதில் ஒரு சந்து இருந்தது: வீட்டில் நிதி திரட்டும் விருந்து. செலவு 500 டாலருக்குள் இருந்தால் அது நன்கொடையாகக் கணக்கில் வராது என்ற விலக்கை வைத்து ஒரு சாக்ரமெண்டோ லாபி நிறுவனம் ஆடம்பர விருந்துகள் நடத்தியது. மதுவும் சுருட்டும் சேர்ந்தால் 500 எங்கே நிற்கும்? 2014இல் அந்த நிறுவனத்துக்கு 133,500 டாலர் அபராதம். அதே ஆண்டு நிறைவேறிய சட்டம் லாபியிஸ்டுகளின் வீடுகளுக்கு அந்த விலக்கையே எடுத்துவிட்டது. வருட அன்பளிப்பு வரம்பை 200 டாலராகக் குறைக்கும் மசோதாவும் அப்போது கவர்னர் மேசைக்குப் போனது. கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பியவர், அப்போது மீண்டும் கவர்னராக இருந்த, ஹாம்பர்கர் கணக்குச் சொன்ன அதே ஜெர்ரி பிரவுன்.

கேள்வி: மற்ற மாநிலங்களில் எப்படி?

பதில்: விஸ்கான்சினில் லாபியிஸ்டிடம் காபிகூட வாங்க முடியாது. ஃபுளோரிடாவும் 2005இல் முழுத் தடைக்குப் போனது. மிசௌரி 2018இல் அரசியல் சாசனத் திருத்தத்தின் மூலம் 5 டாலர் என்று வைத்தது, 2020இல் இன்னொரு திருத்தத்தின் மூலம் அதுவும் முழுத் தடைக்குப் போனது. பின்பற்ற எளிது முழுத் தடைதான். மாதக் கூட்டல் கணக்கே வேண்டியதில்லை. ஆனால் அங்கும் யார் பணம், யார் ஏற்பாடு என்ற கேள்வி போகாது.

கேள்வி: என் தம்பி பதிவு செய்த லாபியிஸ்ட். நான் உறுப்பினர். பிறந்தநாளுக்கு அவன் 300 டாலர் கைக்கடிகாரம் கொடுத்தால் 10 டாலர் விதி பாயுமா?

பதில்: பாயாது. உடன்பிறந்தவர், பெற்றோர், பிள்ளைகள், மாமனார் மாமியார் தருவது அன்பளிப்பு என்ற வரையறைக்குள்ளேயே வராது. ஆனால் தம்பி அதை வேறொருவர் சார்பில் கொடுத்தால் விலக்கு போய்விடும். கடிகாரத்தின் ரசீதைத் தன் நிறுவனத்தின் செலவுக் கணக்கில் அவர் சேர்த்தால், அது தம்பி கொடுத்த கடிகாரம் அல்ல.