லினக்ஸை அழித்தேன், விண்டோஸும் வரவில்லை: கேள்வி பதில்

ஒரே கணினியில் இருந்த விண்டோஸ், லினக்ஸ் இரண்டில் லினக்ஸை மட்டும் எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகள் இவை. கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர், தாம்பரம்: அண்ணா, லேப்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு லினக்ஸ் இரண்டும் இருந்தன. இடம் போதவில்லை என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் உபுண்டு பார்ட்டிஷனை (டிஸ்க்கில் அதற்கென்று பிரித்த பகுதியை) அழித்தேன். இப்போது ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப்' என்று மட்டும் நிற்கிறது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் காட்டினேன். ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: தம்பி, முதலில் லேப்டாப்பைத் திருப்பி வாங்கி வந்துவிடுங்கள். உங்கள் விண்டோஸ் பத்திரமாகத்தான் இருக்கிறது. கிரப் என்பது, ஆன் செய்தவுடன் விண்டோஸா லினக்ஸா என்று பட்டியல் காட்டி உள்ளே அனுப்பும் சின்ன நிரல். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி. வாட்ச்மேன் கேட்டில் நிற்கிறார், ஆனால் எந்த வீட்டில் யார் என்று எழுதி வைத்த நோட்டு நீங்கள் இடித்துத் தள்ளிய பிளாக்கில் போய்விட்டது. அதுதான் நடந்திருக்கிறது. கிரப்பின் தொடக்கக் கோப்பு இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (கணினியைத் தொடங்கும் கோப்புகளுக்கான சின்னப் பகுதியில்) இருக்கும், அதன் மெனு லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கும். நீங்கள் அழித்தது இரண்டாவதை.

அந்தத் திரையில் 'எக்ஸிட்' என்று தட்டி என்டர் அழுத்துங்கள். பல கணினிகளில் அடுத்து நேராக விண்டோஸ் வந்துவிடும். வராவிட்டால் ஆன் செய்தவுடன் பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசூஸில் எஸ்கேப். பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் நிம்மதி அடைந்துவிடாமல், பயாஸுக்கு (கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்கு) போய் பூட் வரிசையில் அதையே முதலில் வையுங்கள். பென்டிரைவ் கூடத் தேவையில்லை.

அதே மாணவர்: வந்துவிட்டது அண்ணா! ஆனால் பூட் மெனுவில் உபுண்டு பெயர் இன்னும் இருக்கிறதே?

பதில்: இருந்துவிட்டுப் போகட்டும், ஒன்றும் செய்யாது. கண்ணை உறுத்தினால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ட்டில் 'மவுன்ட்வால் எஸ்: /எஸ்' கொடுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷன் எஸ் டிரைவாக வரும். அங்கே இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் உபுண்டு ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். பக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் இருக்கும். அதில் கை வைத்தால் மறுபடி கறுப்புத் திரைதான்.

ஒரு தாய், பெரம்பூர்: சார், என் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய அரசு லேப்டாப். விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. பாஸை அழித்ததும் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வருகிறது. நீங்கள் சொன்ன 'எக்ஸிட்' தட்டினால் தெரியாத கட்டளை என்கிறது.

பதில்: அம்மா, 'ரெஸ்க்யூ' என்று வந்தாலே அங்கே பெரும்பாலான கட்டளைகள் வேலை செய்யாது. 2011இல் தொடங்கிய திட்டத்தின் லேப்டாப்தானே? (பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம்மூர் லினக்ஸ். அதை எடுத்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.) இவை பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறவை. ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் கிரப் உட்கார்ந்திருக்கிறது, அதை அங்கிருந்து கிளப்பிவிட்டு விண்டோஸை உட்கார வைக்க வேண்டும். விண்டோஸ் 7 டிவிடியிலோ பென்டிரைவிலோ பூட் செய்து, 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாகக் கமாண்ட் பிராம்ட்டுக்குப் போங்கள். 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' என்ற ஒரே வரி பெரும்பாலும் போதும். பார்ட்டிஷன் பட்டியலை அது தொடாது, படங்கள் எதுவும் போகாது.

அம்பத்தூர் வாசகர்: நானும் வீடியோ பார்த்து அதையே கொடுத்தேன். வெற்றி என்றது, ஆனால் மாற்றமில்லை. அப்புறம் 'ஃபிக்ஸ்பூட்' கொடுத்தால் 'ஆக்சஸ் இஸ் டினைட்' என்கிறது. 2020இல் வாங்கிய விண்டோஸ் 10 லேப்டாப்.

பதில்: உங்களுடையது யூஇஎஃப்ஐ, அதாவது பழைய பயாஸுக்குப் பின் வந்த புதிய பூட் முறை. அது அந்த முதல் 512 பைட்டைப் பார்த்து பூட் ஆவதே இல்லை. தாம்பரம் தம்பிக்குச் சொன்ன பூட் மெனுவை முதலில் பாருங்கள். அதில் விண்டோஸ் பூட் மேனேஜரே இல்லையென்றால், விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து கமாண்ட் பிராம்ட்டில் 'டிஸ்க்பார்ட்', பிறகு 'லிஸ்ட் வால்யூம்'. ஃபேட்32 என்று காட்டும் சின்ன வால்யூம்தான் இஎஃப்ஐ, பெரும்பாலும் 100 முதல் சில நூறு எம்பி வரை இருக்கும். பென்டிரைவும் ஃபேட்32 என்றே காட்டலாம், அளவைப் பார்த்துப் பிரித்தறியுங்கள். இஎஃப்ஐ வால்யூமை 'செலக்ட் வால்யூம்' கொடுத்து எண்ணால் தேர்ந்து, 'அசைன் லெட்டர்=எஸ்' கொடுத்து, 'எக்ஸிட்' கொடுத்து வெளியே வாருங்கள். கடைசியாக 'பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ'. ஒரு எச்சரிக்கை: பென்டிரைவிலிருந்து பார்க்கும்போது உங்கள் சி டிரைவ், டி என்று மாறியிருக்கலாம். 'டிர்' கொடுத்து விண்டோஸ் ஃபோல்டர் எங்கே என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

ஐடி ஊழியர், வேளச்சேரி: பயாஸை மாற்றியதும் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது!

பதில்: அது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதி. பூட் முறை மாறியதால் சந்தேகப்படுகிறது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலிருந்து நுழைந்து அந்த எண்ணைத் தேடுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் அங்குள்ள ஐடி பிரிவைக் கேளுங்கள்.

பெரம்பூர் அம்மா மறுபடியும்: வந்துவிட்டது சார், நன்றி. கடிகாரம் மட்டும் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது.

பதில்: கணினியின் உள் கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது, விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று நம்புகிறது. ஒருமுறை சரிசெய்யுங்கள், இனி மாறாது.

குரோம்பேட்டை வாசகர்: நான் இன்னும் எதையும் அழிக்கவில்லை. எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில்: இத்தனை பேரில் அழிக்கும் முன்பே கேட்டவர் நீங்கள்தான்! லினக்ஸில் உள்ள படங்களையும் கோப்புகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். அந்தப் பார்ட்டிஷனை விண்டோஸ் தானாகப் படிக்காது. பிட்லாக்கர் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்து இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு முறையும் கிரப் தலைகாட்டாமல் விண்டோஸ் வந்தால், லினக்ஸ் பார்ட்டிஷனை அழிக்கலாம்.