ஏற்காடு ஏற்றத்தில் வெட்டும் கார்: எந்த பிளக் போடலாம்?

கேள்வி: என் பெட்ரோல் கார் 1,60,000 கி.மீ. ஓடிவிட்டது. மூன்று சிலிண்டர். சேலம் டவுனுக்குள் நன்றாக ஓடுகிறது. ஏற்காடு ஏறும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது. பிளக் மாற்றச் சொல்கிறார்கள். இரிடியம் போட்டால் வண்டி புதிதுபோல் ஆகிவிடுமா?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: கொண்டை ஊசி வளைவில் திரும்பி, இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதுதானே வெட்டுகிறது? அப்படியானால் பிளக்கைச் சந்தேகப்படுவது சரிதான். ஏற்றத்தில் இன்ஜினுக்குப் பாரம் கூடும், சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். அப்போது பொறி பாய்வதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். உங்கள் பழைய பிளக்கில் முனை தேய்ந்து, பொறி தாவும் இடைவெளியான கேப் அகன்றிருக்கும். டவுனில் சமாளித்துவிடும், 20 வளைவு ஏறும்போது காட்டிக்கொடுத்துவிடும். கோரிமேட்டில் பட்டறை வைத்திருப்பதால் இதே புகாரோடு வரும் வண்டிகளை நிறையப் பார்க்கிறேன்.

ஆனால் கடைக்குப் போகும் முன் பழைய பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் திருகியிருக்கும் இன்ஜின் ஹெட் அலுமினியம்; சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். எந்த சிலிண்டரில் எது இருந்தது என்று வரிசையாக வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஆயிலில் நனைந்து பிசுபிசுவென்று இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. பிளக்கின் மேல்பகுதியில், அந்தக் குழிக்குள் மட்டும் ஆயில் நின்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் வால்வு கவர் கேஸ்கட்தான்.

இனி இரிடியம். அதன் முனை மெல்லியது, மெதுவாகத் தேயும், லட்சம் கி.மீ. வரைகூட உழைக்கும். ஆனால் இன்ஜினின் தேய்மானத்தை எந்த பிளக்கும் சரிசெய்யாது. ஆயில் ஏறும் இன்ஜினில் இரிடியமும் அழுக்காகும், கொடுத்த காசு வீண். அந்த நிலையில், மேனுவலில் சாதாரண நிக்கல் பிளக் போட்டிருந்தால் அதையே வாங்குங்கள், 30,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மேனுவலிலேயே இரிடியம் என்றிருந்தால் மட்டும் கீழே இறங்காதீர்கள்.

பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்று காட்டும் ஹீட் ரேஞ்ச் எண்ணை மாற்றவே மாற்றாதீர்கள். ஆயில் ஏறும் வண்டிக்குச் சூடான பிளக், அதாவது சூட்டை மெதுவாக வெளியேற்றும் பிளக் போடு என்பார்கள். மலை ஏற்றத்தில் அது அளவுக்கு மீறிச் சூடேறி, பிஸ்டனுக்கே கேடு வரும். கடையில் கம்பெனி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்: என்ஜிகே, டென்சோவில் எண் ஏறினால் குளிர்ந்த பிளக், போஷில் எண் இறங்கினால் குளிர்ந்தது. இது தெரியாமல் பிராண்டு மாற்றினால் தலைகீழாகிவிடும்.

மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். முதலில் கையால் திருகி உட்கார்ந்தபின், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உள்ள புதிய பிளக்குக்கு ஸ்பேனரில் அரைச்சுற்றுக்குச் சற்று மேல் போதும். அப்புறம் ஒருமுறை மலை ஏறிப் பாருங்கள். இன்னமும் வெட்டினால், ஒவ்வொரு பிளக்குக்கும், பொறிக்கான வோல்டேஜைத் தரும் தனி காயில் உள்ள வண்டியாக இருந்தால் காயில்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பொறி தவறும் மிஸ்ஸிங், காயிலோடு சேர்ந்து வேறு சிலிண்டருக்கு நகர்ந்தால் குற்றவாளி அந்தக் காயில்தான்.