எல்லை மாறிய மண்ணும் விடுதலைப் படங்களும்: கேள்வி பதில்

ஆங்கிலேய ஆட்சியின் முடிவைச் சினிமா எப்படிச் சொன்னது என்று நாகர்கோவிலில் எங்கள் திரைப்பட ரசனைக் குழுவில் ஒரு மாலை பேசினேன். அன்று நண்பர்கள் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும் இவை.

தக்கலை மாணவி: விடுதலைக்கு முன் தேசியப் படம் எடுக்கத் தணிக்கை விட்டதா ஐயா?

ஒரு சிறு இடைவெளியில் விட்டதம்மா. சென்னை மாகாணத்தில் 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்ததும் தணிக்கையின் பிடி தளர்ந்தது. கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி' 1939-இல் அந்தத் தளர்வில்தான் வெளிவந்தது. அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. பிறகு படத்துக்குத் தடை விழுந்தது. ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' வந்தபோது காலம் மாறியிருந்தது. சுதந்திரம் அடைந்துவிட்டதாகவே ஆடிப்பாடும் பாரதியின் பாட்டை 1947 ஜனவரியிலேயே மக்கள் தியேட்டரில் கேட்டார்கள். ஆகஸ்டுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

மார்த்தாண்டம் ஆசிரியர்: அந்தக் கதைகளில் நம் மாவட்டம் எங்கே?

நம் கதை வேறு. இங்கே திருவிதாங்கூர் மன்னராட்சி நடந்தது. திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் அறிவித்தார். ஜூலையில் அவர் வெட்டுப்பட்ட பிறகுதான் சமஸ்தானம் இந்தியாவில் இணைந்தது. 1949-இல் கொச்சியோடு சேர்ந்து திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் ஆனது. தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த ஊர்க்காரரான உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. விடுதலை என்றால் டெல்லியின் நள்ளிரவு என்றே திரை நம்மைப் பழக்கிவிட்டது. நம் தாத்தா பாட்டிகளுக்கு அது ஒன்பது ஆண்டுகள் நீண்டது.

தலக்குளம் வாசகர்: எங்கள் ஊர் வேலுத்தம்பி மலையாளப் படத்துக்கு எப்படிப் போனார்?

மொழிவாரி மாநிலங்கள் வந்தபின் ஒவ்வொரு மொழியும் தன் வீரரைத் தேடியது. தமிழுக்குக் கட்டபொம்மன் 1959-இல் வந்தார். திருவிதாங்கூரின் தளவாயாக, அதாவது தலைமை அமைச்சராக இருந்த வேலுத்தம்பி 1962-இல் மலையாளத்தில் வந்தார். 1809-இல் கொல்லம் அருகே குண்டறையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக அறிவிப்பு விடுத்தவர், 1805-இல் அதே கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தவர். இந்த முரணை முழுதாகச் சொல்லும் தமிழ்ப் படம் ஒன்றை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அகஸ்தீஸ்வரம் நண்பர்: ஜே.சி. டேனியல் தமிழரா, மலையாளியா?

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னை எடுத்தவர், உங்கள் ஊரில்தான் 1975-இல் வறுமையில் இறந்தார். படம் எடுத்தபோது அகஸ்தீஸ்வரமும் திருவனந்தபுரமும் ஒரே திருவிதாங்கூர். 1956-இல் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. முதுமையில் உதவி கேட்டபோது, தமிழ்நாட்டுக்காரர் என்று கேரளத்தில் அவருக்குக் கைவிரித்தார்கள். 1992-இல் அங்கேதான் அவர் பெயரில் விருது ஏற்பட்டது. நாமும் அவரை நம்மவர் என்று கொண்டாடவில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம். அவர் திருவிதாங்கூர்த் தமிழர், மலையாள சினிமாவின் தந்தை. யார் கேட்டாலும் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.